இடது ஓரத்தை நகர்த்திய இரவு: மாட்டுங்காவில் ஒரு ஹார்ட் டிஸ்க் மீட்பு

மும்பை மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு தமிழ் வரி ஆலோசகரின் அலுவலகம் இருக்கிறது. பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளும் நான்கு கணினிகளும் கொண்ட சிறிய அலுவலகம் அது. அந்தக் கணினிகளைப் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. ஜூலை மாதத்தில் ஒரு மழை இரவு, ஒன்பதே முக்கால் மணிக்கு அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் ஆலோசகரின் மருமகன், அதாவது அக்கா மகன், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்.

“அண்ணா, டி டிரைவ் திறக்குது. ஃபோல்டர் பேரெல்லாம் தெரியுது. ஆனா பாதி ஃபைல் கன்னாபின்னான்னு வருது. ஸ்கேன் பண்ணி சரி செய்யவான்னு விண்டோஸ் கேக்குது, குடுத்திடட்டுமா?”

கொடுக்க வேண்டாம் என்றும், சுவிட்சை அணைத்துவிட்டுக் காலை வரை எதையும் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த ஒரு பொத்தானை அவர் அழுத்தியிருந்தால் இந்த ஆய்வில் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நடந்தது

அது 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட மேசைக் கணினி. பிரிவுகளின் எல்லைகளை டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையில் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. தொடக்கத்தில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட 500 எம்பி, அதையடுத்து 100 ஜிபி அளவில் சி, அதையடுத்து 600 ஜிபி அளவில் டி, கடைசியில் 231 ஜிபி அளவில் ஈ என்று நான்கு பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள், இருந்தன. டாலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள், வாடிக்கையாளர்களின் ஸ்கேன் செய்த ஆவணங்கள், பல ஆண்டுகளின் வரித் தாக்கல்கள் என அலுவலகத்தின் உயிர் முழுவதும் டி டிரைவில்தான் இருந்தது. சி டிரைவில் காலியிடம் 2 ஜிபிக்குக் கீழே போய், டாலி திறக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் உதவ முன்வந்தார்.

அவர் செய்தவற்றில் பெரும்பகுதி முறையானதுதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈ டிரைவில் இருந்த பழைய படங்களைத் தன் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு அந்தப் பார்ட்டிஷனை நீக்கினார். அதனால் டிஸ்கின் கடைசியில் 231 ஜிபி காலியானது. ஆனால் சி டிரைவை விரிக்க வேண்டுமென்றால் காலியிடம் சி டிரைவுக்கு உடனடி வலப்பக்கத்தில், அதாவது அது முடியும் இடத்தையடுத்து, இருக்க வேண்டும். இடையில் டி நின்றது. ஆகவே பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் என்ற கருவியை யுஎஸ்பியிலிருந்து துவக்கி, டி டிரைவை அப்படியே 80 ஜிபி வலப்பக்கம் நகர்த்தும்படி கட்டளையிட்டார். நேரம் மிக நீளலாம் என்று அந்தக் கருவி எச்சரித்தது. மாலை ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. ஒன்பது மணி தாண்டிச் சற்று நேரத்தில் மழையில் கட்டடத்தின் மின்சாரம் போனது. யுபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரிக்கு ஐந்து வயது. சில நொடிகளுக்குமேல் அது தாங்கவில்லை.

வலது ஓரமும் இடது ஓரமும்

பார்ட்டிஷன் அளவை மாற்றுவது என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் வேலைகளுக்குள் ஆபத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு, மாற்றப்படுவது பார்ட்டிஷனின் எந்த ஓரம் என்பதில் இருக்கிறது. வலது ஓரத்தை வெளியே தள்ளினால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு அமைப்பின் குறிப்பேடுகளில் சில எண்கள் மாறுகின்றன. ஏற்கெனவே இருக்கும் கோப்பு எதுவும் அசைவதில்லை. வலது ஓரத்தை உள்ளே இழுத்தால் அந்த ஓரத்தில் கிடக்கும் கோப்புகள் மட்டும் இடப்பக்கக் காலியிடத்துக்குப் போகின்றன. அதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டே செய்துவிடும். விண்டோஸ் தன் நினைவகத்தை எழுதிவைக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு போன்ற நகர்த்த முடியாதவை குறுக்கே கிடந்தால், அதற்குமேல் சுருக்க முடியாது என்று அது நின்றுவிடும். அந்தக் கருவியில் இடது ஓரத்தைத் தொட வழியே இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நிதானமாகத் தெரிகிறது.

காரணம், பார்ட்டிஷனின் தொடக்கம் மாறினால் அதனுள் இருக்கும் ஒவ்வொரு செக்டரும் (டிஸ்கின் மிகச் சிறிய சேமிப்புக் கட்டம், இங்கே 512 பைட்) அதே தொலைவு நகர்ந்தாக வேண்டும். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் தன் முகவரிகளையெல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்தே எண்ணுகிறது. எனவே 600 ஜிபி டிரைவை 80 ஜிபி நகர்த்துவது என்பது, ஒரு டிஸ்கின் உள்ளடக்கத்தை அதே டிஸ்கின்மீது, தன்னைத்தானே மிதித்துக்கொண்டு நகலெடுப்பதுதான்.

மும்பை லோக்கல் ரயிலில் மூன்று பேர் அமர்ந்த பெஞ்சில் ஜன்னல் பக்கமாக நான்காவது ஆளுக்கு இடம் விடுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். கோடியில் இருப்பவர் முதலில் நகர வேண்டும், பிறகு நடுவில் இருப்பவர், கடைசியில் ஜன்னலோரத்தவர். முதலில் ஜன்னலோரத்தவர் நகர்ந்தால் அடுத்தவர் மடியில்தான் உட்கார வேண்டியிருக்கும். அதேபோல் வலப்பக்கம் நகர்த்தும் கருவி டிரைவின் கடைசித் துண்டை முதலில் படித்துப் புதிய இடத்தில் எழுதுகிறது. பிறகு அதற்கு முந்தைய துண்டு. இப்படியே தொடக்கம் நோக்கிப் பின்வாங்கி வருகிறது. பாதியில் மின்சாரம் போனால் டிரைவின் பின்பாதி புதிய இடத்திலும் முன்பாதி பழைய இடத்திலும் நிற்கும்.

எங்கள் டிரைவின் நிலை அதுதான். தொலைபேசியில் கேட்ட அந்த விசித்திரமும் இதனால் விளங்கியது. டிரைவின் அடிப்படை அளவுகளைச் சொல்லும் பூட் செக்டர் தொடக்கத்தில் இருப்பதால் அது இன்னும் அசையவில்லை. கோப்புப் பெயர்களையும் முகவரிகளையும் வைத்திருக்கும் எம்எஃப்டி அட்டவணை, வழக்கம்போல் 786432ஆவது கிளஸ்டரில் (எட்டு செக்டர்கள் கொண்ட தொகுதி), அதாவது தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவில் தொடங்கியது, அதுவும் அசையவில்லை. ஆகவே விண்டோஸ் டிரைவைத் திறந்தது, பெயர்களைக் காட்டியது. டிரைவின் பின்பகுதியில் இருக்க வேண்டிய கோப்பைக் கேட்டபோது மட்டும் பழைய முகவரிக்குப் போய், அங்கே வந்து உட்கார்ந்திருந்த வேறொரு கோப்பின் துண்டை எடுத்துக் கொடுத்தது.

இந்த நிலையில் விண்டோஸ் கேட்ட அந்த ஸ்கேன், அதாவது செக் டிஸ்க், ஓடியிருந்தால் கண்டதையெல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டு, நல்ல முகவரிகளை நீக்கி, பெயரற்ற துண்டுகளாகக் கட்டிவைத்திருக்கும். நகர்த்தும் வேலையை மீண்டும் முதலிலிருந்து ஓடவிடலாமா என்றும் மருமகன் யோசித்திருந்தார். அது இதைவிடக் கொடியது. கருவி மறுபடியும் பழைய முகவரியின் கடைசித் துண்டைப் படிக்கும். அங்கே இப்போது இருப்பது இடம் மாறி வந்த வேறொன்று. அதை எடுத்துப் போய், சரியான ஒரே பிரதி இருக்கும் புதிய இடத்தின்மேல் எழுதிவிடும்.

அளந்து பார்த்தது

மறுநாள் காலை லேமிங்டன் சாலையில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பாதிக்கப்பட்ட டிஸ்கைக் கழற்றி, எந்த டிரைவையும் தானாகத் திறக்காதபடி அமைத்த என் லினக்ஸ் கணினியில் பொருத்தினேன். முதலில், டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களும் நிலுவையில் உள்ள செக்டர்களும் சுழியம். டிஸ்க் உடலளவில் நலம். பிறகு டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு 195,35,25,168 செக்டர்களையும் ஒன்றுவிடாமல் புதிய டிஸ்கில் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. அதன்பின் பழைய டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு ஆலோசகரிடம் கொடுத்துவிட்டேன். இனி எது தவறினாலும் இமேஜில்தான் தவறும்.

இமேஜின் பார்ட்டிஷன் அட்டவணையில் டி டிரைவின் நீளம் 680 ஜிபி என்று இருந்தது. விண்டோஸ் காட்டியதோ 600. இந்த முரண் எனக்கு நிம்மதி தந்தது. ஜிபார்ட்டெட், நகர்த்தத் தொடங்கும் முன் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் சேர்த்து அடக்கும் ஒரு பெரிய எல்லையை அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகே அதைச் சுருக்குகிறது. ஆகவே வேலை நடுவில் நின்றது என்பதற்கு அட்டவணையே சாட்சி.

உண்மையான எல்லையை பூட் செக்டர் சொன்னது. தனக்கு முன்னால் எத்தனை செக்டர்கள் உள்ளன, தன் மொத்த நீளம் என்ன என்ற இரண்டு எண்களையும் என்டிஎஃப்எஸ் பூட் செக்டரில் எழுதிவைத்திருக்கிறது. முன்னால் உள்ளவை 21,07,41,248, நீளம் 125,82,91,199. இந்த நீளத்துக்கு அடுத்ததாக, பார்ட்டிஷனின் கடைசி செக்டரில், பூட் செக்டரின் நகல் ஒன்றை அது வைத்திருக்கும். நகராத நிலையில் அந்த நகல் 146,90,32,447ஆவது செக்டரில் இருக்க வேண்டும். தேடியபோது அது 163,68,04,607இல் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே 16,77,72,160 செக்டர்கள், அதாவது அச்சுப்பிசகாமல் 80 ஜிபி. நகர்ந்த தொலைவு உறுதியாயிற்று.

தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: வேலை எந்த இடத்தில் நின்றது? இங்கேதான் இந்தச் சிக்கல் வெளியே தெரிவதைவிடக் கருணையுள்ளது. நகலெடுப்பு 80 ஜிபி தள்ளி எழுதுவதால், கடைசியாக எழுதிய துண்டின் புதிய இடத்துக்கும் பழைய இடத்துக்கும் நடுவே இன்னும் மிதிபடாத ஒரு 80 ஜிபி பட்டை எப்போதும் இருக்கும். அந்தப் பட்டையில் கிடப்பவை ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டவை. அவற்றுக்கு மட்டும் பழைய பிரதி, புதிய பிரதி என்று இரண்டு உண்டு. ஆகவே இமேஜை 80 ஜிபி இடைவெளியில் அதனோடேயே ஒப்பிட்டால், இரண்டும் ஒத்துப்போகும் பகுதி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வேலை நின்றிருக்கிறது.

ஒவ்வொரு ஜிபியிலும் 1 எம்பி மாதிரி எடுத்து ஒப்பிடும் சிறிய நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். எழுதப்படாத வெற்றிடங்கள் எங்கும் சுழியமாக இருப்பதால் பொய்யான ஒற்றுமையைக் காட்டும், அவற்றை விலக்கினேன். டிரைவின் தொடக்கத்திலிருந்து 258 ஜிபி வரை வேற்றுமை, 258 முதல் 338 வரை ஒற்றுமை, அதற்குப் பிறகு மீண்டும் வேற்றுமை. எதிர்பார்த்தபடி 80 ஜிபி அகலப் பட்டை. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகால் வரை நொடிக்கு 45 எம்பி வேகத்தில் ஓடியிருந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று காகிதத்தில் போட்ட கணக்கும் இதையொட்டியே வந்தது.

ஒட்டியது

பட்டைக்குள் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டி, முன்துண்டைப் பழைய இடத்திலிருந்தும் பின்துண்டைப் புதிய இடத்திலிருந்தும் எடுத்து ஒட்டினால் முழு டிரைவும் கிடைத்துவிடும். கொள்கையளவில் 258 ஆனாலும் 338 ஆனாலும் ஒன்றுதான். ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகு அரை மணி நேரம் விண்டோஸ் ஓடியிருக்கிறது. அந்த நேரத்தில் அது எழுதியதெல்லாம் பழைய முகவரிக் கணக்கில் எழுதியது. எனவே பழைய இடத்திலிருந்து எடுக்கும் பகுதி எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த எழுத்துகள் தம் அட்டவணையோடு பொருந்தி நிற்கும். ஆகவே வெட்டும் இடத்தைப் பட்டையின் மேல்முனையை ஒட்டி 330 ஜிபியில் வைத்தேன்.

ஒட்டுவதற்குத் தரவை மீண்டும் நகலெடுக்கத் தேவையில்லை. லினக்ஸின் டிவைஸ் மேப்பர் இரண்டு துண்டுகளை ஒரே டிரைவாகக் காட்டும். முதல் துண்டு இமேஜின் 21,07,41,248ஆவது செக்டரில் தொடங்கி 69,20,60,160 செக்டர்கள். இரண்டாவது 107,05,73,568இல் தொடங்கி 56,62,31,040 செக்டர்கள். இரண்டின் கூட்டுத்தொகை, கடைசியில் உள்ள பூட் செக்டர் நகலையும் சேர்த்து, 125,82,91,200. டிஎம்செட்டப் கட்டளைக்கு இந்த இரண்டு வரிகளைக் கொடுத்து, கிடைத்த டிரைவைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தேன். டாலி கோப்புறை, அதனுள் எண்களைப் பெயராகக் கொண்ட நிறுவனக் கோப்புறைகள், அவற்றுள் மேனேஜர்.900 முதலிய கோப்புகள் என எல்லாம் தம் இடத்தில் இருந்தன. டிரைவில் இருந்த கோப்புகள் மொத்தம் 340 ஜிபியையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்தேன்.

கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய மீட்புக் கருவிகளான டெஸ்ட் டிஸ்கையும் ஃபோட்டோரெக்கையும் ஏன் பயன்படுத்தவில்லை என்று மருமகன் கேட்டார். இரண்டுமே நல்ல கருவிகள். பார்ட்டிஷன் தவறி நீக்கப்பட்டிருந்தால் நானும் முதலில் டெஸ்ட் டிஸ்கைத்தான் எடுத்திருப்பேன். எம்பிஆரில் நான்கு பார்ட்டிஷன்களுக்கான அட்டவணை முழுவதும் 64 பைட்தான். அது மட்டும் அழிந்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இங்கே அட்டவணையைத் திருத்தினாலும் உள்ளே இருப்பது கலந்தே இருக்கும். ஃபோட்டோரெக் கோப்பின் தலைப்பு அடையாளத்தைக் கொண்டு தேடுவது. பெயரையும் கோப்புறையையும் மீட்காது. பெயரும் இடமும் போன டாலிக் கோப்புகள் அரிசி மூட்டையிலிருந்து சிந்திய அரிசிதான்.

சரிபார்ப்பும் இழப்பும்

கோப்பு திறக்கிறது என்பதால் மட்டும் அது சரி என்று ஆகிவிடாது. நல்லவேளையாக, மூன்று நாளுக்கு முந்தைய டாலி பேக்கப் ஒன்று சி டிரைவின் டெஸ்க்டாப்பில் கிடந்தது. அதை வேறொரு கணினியில் மீட்டு, அந்தத் தேதி வரைக்குமான டிரயல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) மீட்கப்பட்ட கணக்கோடு நிறுவனம் நிறுவனமாக ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தின. பிடிஎஃப் கோப்புகள் அனைத்தையும் அவற்றின் உள்ளமைப்பைச் சோதிக்கும் நிரலில் ஓட்டினேன். 37 கோப்புகள் தேறவில்லை. எல்லாம் ஒரே வாடிக்கையாளருடையவை.

மீட்பு முறை சரியாக இருந்தால் எதுவுமே கெட்டிருக்கக்கூடாது என்பதால் காரணத்தைத் தேடினேன். மின்சாரம் வந்த பிறகு, டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்க, மருமகன் 2 ஜிபி கோப்புறை ஒன்றை டி டிரைவிலேயே நகலெடுத்துப் பார்த்திருக்கிறார். என்டிஎஃப்எஸ் அதற்குத் தன் கணக்கில் காலியாக இருந்த 452ஆவது ஜிபியில் இடம் கொடுத்தது. ஆனால் டிஸ்கின் அந்த இடத்தில் அப்போது உண்மையில் இருந்தது 372ஆவது ஜிபியின் நகர்ந்த பிரதி, அதுவும் ஒரே பிரதி. தேறாத 37 கோப்புகளின் முகவரிகளைப் பார்த்தபோது அவை அனைத்தும் 372ஆவது ஜிபியிலும் அதையடுத்த ஜிபியிலும் இருந்தன. அவற்றின் காகித மூலங்கள் அலமாரியில் இருந்தன. அலுவலகப் பெண்கள் இருவர் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து மறுபடியும் ஸ்கேன் செய்தார்கள். மின்தடையால் தொலைந்த கோப்பு ஒன்றுகூட இல்லை. தொலைந்தவை எல்லாம் அந்தச் சோதனை நகலால் தொலைந்தவை.

தேவையே இல்லாத நகர்த்தல்

எல்லாம் முடிந்த பிறகு சி டிரைவை ஏன் விரிக்க வேண்டியிருந்தது என்று பார்த்தேன். சொன்னால் சிரிப்பு வரும்: அதே டாலி பேக்கப்தான். கணக்குப் பார்க்கும் ஊழியர் நாள்தோறும் டெஸ்க்டாப்பில் எடுத்துவைத்து, பழையதை அழிக்காமல் விட்டவை மட்டும் 31 ஜிபி. அவற்றோடு ஹைபர்னேஷன் கோப்பு 3 ஜிபிக்கு மேல்; நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி தட்டினால் அது மறைந்திருக்கும். பார்ட்டிஷனைத் தொடாமலேயே சி டிரைவில் மூன்றில் ஒரு பங்கு காலியாகியிருக்கும்.

அப்படியும் இடம் போதாது என்றால், கடைசியில் காலியான 231 ஜிபியைப் புதிய பார்ட்டிஷனாக ஆக்கி, டிரைவ் எழுத்துக்குப் பதிலாக சி டிரைவில் ஒரு காலிக் கோப்புறையின் பெயரில் பொருத்திக்கொள்ளலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட் இதை ஒரு நிமிடத்தில் செய்யும். டி டிரைவின் ஒரு செக்டர்கூட அசைந்திருக்காது. இடது ஓரத்தை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எனக்கு மிக அரிதாகவே வந்திருக்கிறது. வந்தால், உள்ளடக்கத்தை வேறு டிஸ்குக்கு நகலெடுத்து, சரிபார்த்து, பழைய பார்ட்டிஷனை நீக்கிப் புதிதாக உருவாக்கித் திரும்ப எழுதுகிறேன். நேரம் ஏறக்குறைய அதே அளவுதான் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மீண்டும் தொடங்கினால் போதும்.

இதே விபத்து எஸ்எஸ்டியில் நடந்திருந்தாலும் மேலே சொன்ன கணக்கு செல்லும். ஆனால் அங்கே யாராவது பதறிப்போய் குவிக் ஃபார்மேட் கொடுத்திருந்தால், அந்தச் செக்டர்கள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய், பழைய செக்டர்கள் பெரும்பாலும் சுழியமாகவே படிக்கும். ஒட்டுவதற்குத் துண்டு இருக்காது. டிரைவ் முழுவதையும் மறைகுறியாக்கும் பிட்லாக்கர் இருந்திருந்தாலும் என் வேலை கடினமாகியிருக்கும். பூட் செக்டரில் நான் நம்பியிருந்த எண்கள் வெளிப்படையாக இருந்திருக்காது.

ஆலோசகரின் கணினியில் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். மீட்ட தரவு தனி டிஸ்கில் ஒரே பார்ட்டிஷனாக இருக்கிறது. டாலி பேக்கப் இரவில் மூன்றாவது ஒரு வெளி டிஸ்குக்குப் போகிறது. யுபிஎஸ் பேட்டரியை மருமகனே சயானிலிருந்து வாங்கி வந்து மாற்றினார். 3பி தாக்கல்கள் 20ஆம் தேதி மாலைக்குள் முடிந்தன. பழைய டிஸ்கை உடனே பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள ஆலோசகர் விரும்பினார், நான் சம்மதிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் போக வேண்டிய வருமான வரித் தாக்கல்கள் அனைத்தும் மீட்ட கோப்புகளிலிருந்தே போய், ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகு, செப்டம்பரில் அதை வெளியே எடுத்து முழுவதும் சுழியம் எழுதி ஒரே பார்ட்டிஷனாக ஆக்கிக் கொடுத்தேன்.